இத்தாலிய ரகத் திராட்சை வளர்க்கும் சிறிய ஒயினரிக்குப் போவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சிறிய ஒயினரியில் வரவேற்பு மேசையோ மணிக்கொரு சுற்றுலாவோ இருக்காது. காலையில் கொடிகளைக் கவாத்து செய்தவரே மதியம் கதவைத் திறப்பார், கிளாஸில் ஊற்றுவார், பில்லும் போடுவார். அதனால் முன்னேற்பாடு முழுக்க உங்கள் தலையில்தான்.

இத்தாலிய ரகங்கள் என்றால் இன்னொரு சிக்கலும் சேரும். கேபர்னே, மெர்லோ போன்ற பிரெஞ்சு ரகங்களைக் குடித்துப் பழகிய நாக்கு, இவற்றின் புளிப்பையும் துவர்ப்பையும் முதல் வாயில் தப்பாக எடை போட்டுவிடும். புதிதாக வருபவர்கள் ஏமாற்றத்தோடு திரும்புவது பெரும்பாலும் ஒயின் மோசம் என்பதால் இல்லை. வரிசை மாற்றிக் குடித்ததுதான் காரணம். கீழே உள்ள படிகளில் நேரமில்லை என்று எதைத் தாண்டினாலும் எட்டாவதைத் தாண்டாதீர்கள்.

1. அங்கே என்னென்ன ரகங்கள் என்று பாருங்கள்

ஒயினரியின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் புளிப்பு, துவர்ப்பு என்று இரண்டே குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் போதும். இது தெரியாமல் போனால் ஊற்றுபவர் சொல்வதில் பாதி காதில் ஏறாது.

சிவப்பில் அடிக்கடி எதிர்ப்படுபவை இவை. பார்பேரா கருஞ்சிவப்பாக இருக்கும், புளிப்பு தூக்கல், துவர்ப்பு குறைவு. டோல்செட்டோ அதற்கு எதிர்: புளிப்பு குறைவு, லேசான துவர்ப்பு உண்டு. சாஞ்சியோவேசேயில் இரண்டும் தெரியும், புளிப்புச் செர்ரி மணத்தோடு. நெபியோலோ பார்க்க வெளிறியிருக்கும், ஆனால் புளிப்பும் துவர்ப்பும் இரண்டுமே உச்சத்தில். அலியானிகோவும் அதே கனம், நிறம் மட்டும் அடர்த்தி. சக்ராந்தினோ இருந்தால் அதைக் கோடிட்டு வையுங்கள். துவர்ப்பில் அதை மிஞ்சுவது கஷ்டம்.

வெள்ளையில் வெர்மென்டினோ, ஃபியானோ, ஆர்னெய்ஸ் போன்றவை வரலாம். வெர்மென்டினோவின் கடைசியில் ஒரு மெல்லிய கசப்பு வரும். அது அந்த ரகத்தின் இயல்பு, கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை.

பெயர்க் குழப்பங்களையும் இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். பரோலோ, பார்பரெஸ்கோ, கியாண்டி எல்லாம் இத்தாலியில் உள்ள இடங்களின் பெயர்கள், திராட்சையின் பெயர்கள் இல்லை. பரோலோவும் பார்பரெஸ்கோவும் நெபியோலோவில் செய்பவை, கியாண்டிக்கு அடிப்படை சாஞ்சியோவேசே. அந்தப் பகுதிக்கு வெளியே இருக்கும் ஒயினரியில் போய் “பரோலோ இருக்கிறதா?” என்று கேட்டால், அங்கே நெபியோலோ விளைந்தாலும் இல்லை என்றுதான் பதில் வரும். மொன்டேபுல்சியானோ இன்னும் குழப்பம். அது ஒரு திராட்சை ரகம், ஒரு ஊரும்கூட. அந்த ஊர்ப் பெயரில் வரும் வினோ நோபிலே என்ற ஒயின் சாஞ்சியோவேசேயில் செய்வது. பிரிமிடிவோவும் அமெரிக்காவில் ஜின்ஃபேண்டல் என்று விற்பதும் ஒரே ரகம் என்று மரபணுச் சோதனையில் உறுதியாகிவிட்டது. புரோசெக்கோ என்ற நுரைக்கும் ஒயினுக்கான திராட்சை 2009 முதல் கிளேரா என்ற பெயரில் வழங்குகிறது.

2. எந்த மாதம் போவது

அறுவடையின்போது போனால் பார்க்க நிறைய இருக்கும், பேச ஆள் இருக்காது. வட அரைக்கோளத்தில் ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை, தென் அரைக்கோளத்தில் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை என்று பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலிய ரகங்கள் பலவற்றை வளர்க்கும் இடத்தில் இது வழக்கத்தைவிட நீளும், ஏனென்றால் எல்லாம் ஒரே நேரத்தில் பழுக்காது. டோல்செட்டோ முன்னால் பழுக்கும், பிறகு பார்பேரா, கடைசியில் நெபியோலோ. அலியானிகோவும் தாமதம்தான்.

முதல் முறை போகிறீர்களா? அறுவடைக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னால் போங்கள். கொடியில் காய் நிறம் மாறுவதைப் பார்க்கலாம், தயாரிப்பவருக்கும் பேச நேரம் இருக்கும். வார நாள் கிடைத்தால் சனி, ஞாயிறை விட்டுவிடுங்கள்.

நேரம் என்றால் காலை 11 மணி வாக்கில். காலை உணவு செரித்திருக்கும், நாக்கு களைத்திருக்காது. மதியச் சாப்பாட்டுக்கு உடனே பின்னால் என்றால் மணமும் ருசியும் மங்கலாகத்தான் தெரியும்.

3. கூப்பிட்டு முன்பதிவு செய்யுங்கள்

இணையத்தில் படிவம் இருந்தாலும் ஒரு தடவை கூப்பிட்டுப் பேசுவது நல்லது. எத்தனை பேர், எந்த ரகத்தில் ஆர்வம், எவ்வளவு நேரம் இருப்பீர்கள், வண்டி ஓட்டுபவர் ருசிக்கமாட்டார் என்பது — இந்த நான்கையும் சொல்லிவிடுங்கள். ஆர்வம் இன்னதென்று சொல்வதில் ஒரு லாபம் உண்டு. சிறிய இடங்களில் எல்லாப் பாட்டிலையும் தினமும் திறந்து வைக்க மாட்டார்கள். “நெபியோலோ ருசிக்க ஆசை” என்று முன்னாடியே சொன்னால், நீங்கள் வருவதற்குள் திறந்து காற்றாட வைப்பார்கள். போய் நின்றுகொண்டு கேட்டால், அப்போது திறந்த பாட்டில் மணமும் ருசியும் வெளியே வராமல் இறுகிப்போய்க் கிடக்கும்.

நீங்களும் மூன்று விஷயம் கேளுங்கள்: ருசிப்பதற்குக் கட்டணம் உண்டா, பாட்டில் வாங்கினால் அதைக் கழிப்பார்களா, சாப்பிட ஏதாவது தருவார்களா. வயது வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். பிள்ளைகளோடு போவதானால் அனுமதி உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.

ஒரு ஆள் குறைந்தால்கூடத் தகவல் சொல்லிவிடுங்கள். ஐந்து பேருக்கென்று திறந்த பாட்டிலை மூன்று பேரோடு தீர்க்க முடியாது, மிச்சம் அவர்களுக்கு நஷ்டம்.

4. வண்டியை யார் ஓட்டுவது

கிளம்பும் முன்பே முடிவாக வேண்டிய விஷயம் இது. ருசிக்க ஒரு தடவை ஊற்றுவது பொதுவாக 30 முதல் 50 மில்லி வரை இருக்கும். ஆறு ரகம், தலா 50 மில்லி என்றால் 300 மில்லி. ஒரு பாட்டில் 750 மில்லி. உட்கார்ந்து பேசிக்கொண்டே பாட்டிலில் ஐந்தில் இரண்டு பங்கைக் குடித்திருப்பீர்கள், குடித்தது போலவே தெரியாது.

ஓட்டுபவர் குடிக்கக் கூடாது, அவ்வளவுதான். “துப்பிவிடுகிறேன், பரவாயில்லை” என்பது பேச்சுக்குச் சரி. துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகும், மணத்தில் மயங்கி ஒரு வாய் விழுங்கவும் தோன்றும். ஆள் இல்லையென்றால் வாடகை வண்டி. ஒயினரிகள் ஊருக்கு வெளியே இருப்பதால் திரும்பும் வண்டியையும் போகும்போதே பேசிவையுங்கள்.

5. புறப்படும் நாளில்

வாசனைத் திரவியம் வேண்டாம். மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஒயினை எடை போடுவதில் மூக்குக்குத்தான் பெரிய பங்கு. ஒருவர் பூசி வந்தால் மேசையில் இருக்கும் எல்லாருடைய கிளாஸும் அதே வாசம் அடிக்கும். நறுமண லோஷன், முடிக்கான ஸ்ப்ரே, புதினா மிட்டாய் எல்லாம் இதே கணக்குதான். பல் துலக்கியதும் நேரே போய் ஒயின் குடித்தால் கசக்கும், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். காரமாகவும் சாப்பிடாதீர்கள், காரம் துவர்ப்பைக் கூட்டிக் காட்டும். வெளிர் நிற உடை வேண்டாம். தட்டையான, மூடிய காலணி போடுங்கள், தோட்டத்து மண் சரியும், பாதாள அறையின் தரை ஈரமாக இருக்கும். அந்த அறை வெளியைவிடக் குளிரும், ஒரு மெல்லிய மேலாடை கையில் இருக்கட்டும். தண்ணீர் பாட்டில், சின்னக் குறிப்பேடு, வெள்ளைத் தாள் ஒன்று. தாள் எதற்கு என்று ஒன்பதாவது படியில் சொல்கிறேன்.

6. தோட்டத்துக்குள் போகும் முன் அனுமதி கேளுங்கள்

கொடி வரிசைகள் திறந்துதான் கிடக்கும், அழகாகவும் இருக்கும். படம் எடுக்க உள்ளே ஓடிவிடுகிறார்கள். கேட்காமல் இறங்கக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. ஃபைலாக்ஸெரா என்ற சின்னஞ்சிறு பூச்சி திராட்சை வேரைத் தாக்கும். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஐரோப்பியத் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது இதுதான். காலணியில் ஒட்டிய மண்ணோடு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும். அதனால்தான் சில இடங்களில் காலணியைக் கழுவச் சொல்வார்கள். ஒரே நாளில் இரண்டு ஒயினரிகளுக்குப் போகிறீர்கள் என்றால், முதல் இடத்தின் மண்ணை உதறிவிட்டு, இரண்டாவது இடத்தில் அதைச் சொல்லிவிடுங்கள்.

மருந்து தெளித்த வரிசைகளும் இருக்கலாம். பழத்தைப் பறித்து வாயில் போடாதீர்கள், தயாரிப்பவர் பறித்துக் கொடுத்தால் சாப்பிடுங்கள். கொடுத்தால் தோலையும் விதையையும் மென்று பாருங்கள். பின்னால் கிளாஸில் வரப்போகும் துவர்ப்பு அங்கே இருக்கிறது.

நெபியோலோ எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேளுங்கள். மொட்டு சீக்கிரம் விடும், பழம் தாமதமாகப் பழுக்கும், ஆகவே வெயில் நன்றாக விழும் சரிவைத்தான் அதற்கு ஒதுக்குவார்கள். எந்த ரகத்துக்கு எந்த இடத்தைக் கொடுத்திருக்கிறார் என்று பார்த்தாலே அந்த ஒயினரிக்கு எது முக்கியம் என்று புரிந்துவிடும்.

7. தொட்டிகளும் பீப்பாய்களும்

அறுவடைக் காலம் என்றால், நொதிக்கும் தொட்டிக்குள் தலையை நீட்டாதீர்கள். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, தொட்டிக்குள்ளும் தாழ்ந்த அறைகளிலும் தேங்கும். இரண்டு மூச்சில் மயக்கம் வந்துவிடும். குனிந்து முகர்ந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

பீப்பாயின் அளவைக் கவனியுங்கள். சின்னது 225 லிட்டர் பிடிக்கும், மர வாசம் ஒயினில் தூக்கலாக ஏறும். ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும் பெரிய மரத் தொட்டிகளும் உண்டு, நெபியோலோவுக்கும் சாஞ்சியோவேசேக்கும் இத்தாலியில் பழங்காலம் தொட்டு வழங்குவது அவைதான். அவற்றில் மர வாசம் அதிகம் ஏறாது, ரகத்தின் மணம் மேலே நிற்கும். எதை ஏன் வைத்திருக்கிறார் என்று கேட்டால் நல்ல பேச்சு தொடங்கும்.

கண்ணாடிக் குழாயைப் பீப்பாயில் இறக்கி, மேல்முனையை விரலால் மூடி எடுத்து, கிளாஸில் சொட்டவிடுவார். அதைக் குடித்து “புளிக்கிறதே” என்று சொல்லாதீர்கள். பாதி வழியில் இருக்கும் ஒயின் கலங்கலாகவும் குளிர்ந்தும் இருக்கும், நாக்கில் வாயு சுருக்கென்றிருக்கலாம், புளிப்பு இன்னும் தணிந்திருக்காது. அதில் பழத்தின் மணத்தையும் துவர்ப்பின் தன்மையையும் மட்டும் பாருங்கள். மிச்சத்தை என்ன செய்வது என்று அவரிடமே கேளுங்கள். திரும்பப் பீப்பாயில் ஊற்றுவதா கீழே கொட்டுவதா என்பது அவர் பாடு.

8. ருசிக்கும் வரிசை: நிறத்தைப் பார்க்காதீர்கள், துவர்ப்பைப் பாருங்கள்

வழக்கமாகச் சொல்லித் தருவது, வெளிறியதில் தொடங்கி அடர்ந்ததில் முடி என்பது. மற்ற இடங்களில் பெரும்பாலும் அது சரிப்பட்டு வரும். இங்கே வராது. நெபியோலோவைக் கிளாஸில் பார்த்தால் பின்னால் வைத்த விரல் தெரியும் அளவுக்கு மெல்லிய சிவப்பு. “இது லேசானது” என்று முதலில் எடுத்துவிடுவார்கள். ஒரு வாய் போனதும் ஈறும் கன்னமும் இழுத்துக்கொள்ளும், கொதிக்கக் கொதிக்கப் போட்டு மறந்துபோன பால் சேர்க்காத தேநீர் மாதிரி. அதற்கப்புறம் வரும் பார்பேரா வெறும் புளித்தண்ணீராகத் தெரியும். பார்பேராவின் மீது தவறில்லை, முன்னால் போனது நாக்கை உலர்த்திவிட்டது.

துவர்ப்பு ஒவ்வொரு வாய்க்கும் சேர்ந்துகொண்டே போகும் என்பதுதான் அடிப்படை. உமிழ்நீரின் வழுவழுப்பைத் தருவது அதிலுள்ள புரதங்கள். துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள் அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. புதிய உமிழ்நீர் ஊறச் சற்று நேரம் வேண்டும். அதற்குள் அடுத்த வாய் போனால் முன்னதன் பாக்கியும் இதன் கணக்கில் ஏறும்.

ஆகவே இந்த வரிசையைக் கேட்டுப் பெறுங்கள்: வாயு கலந்த உலர் (இனிப்பில்லாத) ஒயின் இருந்தால் முதலில் அது, அப்புறம் வெள்ளை, ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயின், பின்பு பார்பேராவும் டோல்செட்டோவும், அடுத்து சாஞ்சியோவேசே, மொன்டேபுல்சியானோ, நேரோ தாவோலா போன்றவை, கடைசியில் நெபியோலோ, அலியானிகோ, சக்ராந்தினோ. பார்பேராவா டோல்செட்டோவா, எது முன்னால் என்பதில் ஆளுக்கொரு கருத்து. பார்பேரா மரப் பீப்பாயில் வைத்திருந்தது என்றால் நான் அதைப் பின்னால் வைப்பேன், இல்லையென்றால் எப்படி வைத்தாலும் கெடுதல் இல்லை.

இனிப்பு ஒயின் எல்லாவற்றுக்கும் பின்னால். மோஸ்கடோ தாஸ்தியில் மது 5 சதவீதம் அளவுதான், லேசானதுதானே என்று முன்னால் எடுக்காதீர்கள். சர்க்கரை பட்ட நாக்கில் அடுத்த உலர் ஒயின் இரட்டிப்புப் புளிப்பாகத் தெரியும்.

கனமான ரகங்களுக்கு நடுவில் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். தண்ணீர், உப்பில்லாத வெறும் ரொட்டி. சீஸ் வைத்திருந்தால் முதல் சுற்றில் தொடாதீர்கள். கொழுப்பும் புரதமும் துவர்ப்பை மழுக்கிவிடும், எந்த ஒயினும் நன்றாகவே தெரியும். முதல் சுற்று ஒயின் மட்டும், இரண்டாம் சுற்று சாப்பாட்டோடு. இரண்டாம் சுற்று கட்டாயம் வேண்டும். புளிப்பு தூக்கலான இந்த ரகங்கள் தனியாக நின்றால் முரடு, கூட ஏதாவது கொழுப்பான உணவு வந்தால்தான் சமநிலைக்கு வரும். தனியே குடித்து நிராகரித்ததை, ஒரு துண்டு சீஸுக்குப் பிறகு இரண்டு பாட்டில் வாங்கிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

9. ஒரு கிளாஸை எப்படி அணுகுவது

வெள்ளைத் தாளின் மேல் கிளாஸைச் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். நெபியோலோவில் விளிம்பு சீக்கிரமே செங்கல் நிறத்துக்கு மாறிவிடும். அதைப் பார்த்துப் பழசு, கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

கிளாஸை மேசையிலேயே வைத்துச் சுழற்றுங்கள், கையில் தூக்கிச் சுழற்றினால் முதல் முறை சட்டையில்தான் விழும். முகருங்கள். நெபியோலோவில் ரோஜாவும் சாலைத் தாரும் சேர்ந்து வரும், சாஞ்சியோவேசேயில் புளிப்புச் செர்ரியும் காய்ந்த மூலிகையும். ஒன்றும் தோன்றாவிட்டாலும் குற்றமில்லை.

ஈர அட்டைப்பெட்டி, பழைய செய்தித்தாள் வாசம் அடித்தால் கார்க் கெட்டிருக்கலாம். “இதைக் கொஞ்சம் முகர்ந்து பாருங்களேன்” என்று கிளாஸை நீட்டினால் போதும். நல்ல தயாரிப்பாளர் கோபித்துக்கொள்ள மாட்டார், வேறு பாட்டில் திறப்பார்.

வாயில் வைத்ததும் விழுங்காமல் ஐந்து விநாடி உருட்டுங்கள். நாக்கின் ஓரத்தில் நீர் ஊறினால் புளிப்பு, ஈறு உலர்ந்தால் துவர்ப்பு. அப்புறம் துப்புங்கள். அதற்கென்றே வாளி வைத்திருப்பார்கள், துப்புவது மரியாதைக் குறைவு இல்லை.

10. என்ன கேட்பது

“இதில் எது பெஸ்ட்?” என்று கேட்டால் விற்பனைப் பதில் கிடைக்கும். “இந்த மண்ணில் எந்த ரகம் உங்களுக்கு அதிகத் தொல்லை கொடுக்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள், உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவார்.

லேபிளில் ஒரே ரகத்தின் பெயர் இருந்தாலும் மற்ற ரகம் கலந்திருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆஸ்திரேலியாவிலும் பெயர் போட 85 சதவீதம் இருந்தால் போதும், அமெரிக்காவில் பொதுவாக 75. மிச்சம் என்ன என்று கேளுங்கள். வெளிர் சாஞ்சியோவேசேக்கு நிறம் ஏற்ற வேறு ரகம் சேர்ப்பது புதிதில்லை.

வெளியிடும் முன் எத்தனை மாதம் வைத்திருக்கிறார் என்பதும் கேட்கத் தக்கது. பரோலோவுக்குச் சட்டப்படி குறைந்தது 38 மாதம், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். வேறு இடத்து நெபியோலோவுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது, தயாரிப்பவரின் பொறுமையும் கையிருப்புப் பணமும்தான் தீர்மானிக்கின்றன. ஆக அந்தப் பதிலை வைத்து, வாங்கும் பாட்டிலை இப்போதே திறப்பதா சில ஆண்டு காப்பதா என்று முடிவு செய்யலாம்.

11. வாங்குவது

ஐந்தாவது கிளாஸுக்குப் பிறகு எல்லாமே பிடிக்கும். குறிப்பேட்டைத் திறந்து, முதலில் எழுதியதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். கடைகளில் கிடைக்காத ரகத்துக்கு முதலிடம் கொடுங்கள். எங்கும் கிடைக்கும் பினோ கிரிஜியோவை இவ்வளவு தூரம் வந்து தூக்கிப் போவதில் அர்த்தமில்லை. ஒன்றும் பிடிக்கவில்லையா? கட்டணத்தைக் கொடுத்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பலாம். கட்டணம் வாங்காமல் ஒரு மணி நேரம் செலவழித்தவரிடம் ஒரு பாட்டிலாவது வாங்குவது நியாயம்.

12. கொண்டுபோவது

காரின் பின்பெட்டியில் வெயிலில் விடாதீர்கள். சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், பழ மணம் வெந்துபோகும். ஒயினரியிலிருந்து வேறெங்கும் நிற்காமல் நேரே திரும்பினால் இந்தத் தொல்லையே இல்லை.

விமானம் என்றால் பல விமான நிலையங்களில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் போகாது, பெட்டியில் போட்டுவிடுவது நல்லது. மது 24 சதவீதத்துக்குள் இருப்பதால் ஆபத்துப் பொருள் என்ற வரம்பில் ஒயின் வராது. ஆனால் சுங்கத்தில் எத்தனை லிட்டர் இலவசம் என்பது நாட்டுக்கு நாடு வேறு, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாட்டிலையும் தடித்த துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, பெட்டியின் நடுவில் வையுங்கள், ஓரத்தில் வைத்தால் உடையும்.

வீட்டுக்கு வந்ததும் உடனே திறக்க வேண்டாம், குலுங்கிய ஒயினை ஒன்றிரண்டு வாரம் படுக்க வையுங்கள். இளம் நெபியோலோ, அலியானிகோ என்றால் பரிமாறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாடியே அகன்ற குடுவையில் ஊற்றிவிடுங்கள். 16 முதல் 18 டிகிரிக்குள் இருக்கட்டும், அதைவிடக் குளிர்ந்தால் துவர்ப்பு மட்டும்தான் மிஞ்சும்.